ஜெனிவா ஏலத்தில் மின்னியது யாருடைய காசு?

ஏலம் என்றால் நமக்குத் தெரிந்தது அடகுக் கடை ஏலம்தான். வட்டி கட்ட வழியில்லாத கூலிக்காரன் வீட்டு நகை அங்கே போகும். சீமான்களுக்கு வேறு ஏலம் இருக்கிறது. 2023 மே மாதம் ஜெனிவா நகரில் கிறிஸ்டீஸ் கம்பெனி அப்படி ஒன்றை நடத்தியது. ஆஸ்திரியக் கோடீஸ்வரி ஹைடி ஹோர்டென் விட்டுச்சென்ற நகைகள்! பல்காரி, கார்ட்டியே என்று பேர்போன கம்பெனிகளின் முத்திரை குத்திய தங்கமும் வைரமும். வசூல் 20 கோடி டாலருக்கு மேல். ஒரு பர்மா கெம்பு மோதிரம் மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அம்மாள் நூல் நூற்றாரா, நாற்று நட்டாரா? புருஷன் ஹெல்முட் ஹோர்டென் ஜெர்மனியில் பெரும் கடைகளின் அதிபர். 1936-ல் டூயிஸ்பர்க் நகரில் யூதர்களுக்குச் சொந்தமான ஆல்ஸ்பெர்க் கடையை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. 1933-லேயே யூதர் கடை வாசல்களில் நாஜிக் குண்டர்கள் நின்று ஜனங்களை விரட்டினார்கள். வியாபாரம் படுத்தது. உயிர் தப்ப ஊரைவிட்டு ஓட வேண்டும். அந்த நிலையில் கேட்டவன் சொன்னதுதான் விலை! பிறகு இன்னும் பல யூதர் கடைகள் அவர் கைக்கு வந்தன. யுத்தத்துக்குப் பின் எழுந்த சாம்ராஜ்யத்துக்கு அதுவே அஸ்திவாரம். கடைசியில் பங்குகளை விற்று, பணத்தோடு ஸ்விட்ஸர்லாந்து போய் வரிக்கும் டிமிக்கி கொடுத்தார். 1972-ல் மேற்கு ஜெர்மனி போட்ட வரிச் சட்டத்துக்கு 'ஹோர்டென் சட்டம்' என்றே பெயர் நிலைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள், தோழர்களே. 1939 பிப்ரவரியில் நாஜி சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. யூதர்கள் தங்கள் பொன், வெள்ளி, ரத்தினங்களை நகராட்சி அடகுக் கடைகளில் ஒப்படைக்க வேண்டும். கல்யாண மோதிரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கொடுத்ததோ அற்ப விலை. அந்தப் பெண்களின் சங்கிலிகளுக்கு ஜெனிவாவில் யாரும் கண்ணாடிப் பெட்டி வைக்கவில்லை.

ஏலப் பணம் வைத்திய ஆராய்ச்சிக்கும் வியன்னா மியூசியத்துக்கும் போகிறதாம். கமிஷனில் ஒரு பங்கை யூதப் படுகொலை வரலாற்று ஆராய்ச்சிக்குத் தருவோம் என்று கம்பெனியும் சொன்னது. பறித்தவன் வீட்டில் பந்தி போட்டால் பறிகொடுத்தவன் கணக்கு தீர்ந்துவிடுமா?

யூத அமைப்புகள் விடவில்லை. கண்டனம் வலுத்தது. 2023 ஆகஸ்டில் மீதி ஏலத்தைக் கம்பெனி ரத்து செய்தது. மே மாதத்தில் கைமாறிய 20 கோடி டாலர் ரத்தாகவில்லை.