எட்ட நின்று பார்க்கவேண்டிய படை

மேசைமேல் படை நடத்தும் போர் விளையாட்டுக்காக உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வார்க்கப்படும் சிறு வீரர்கள் பெரும்பாலும் நிறமில்லாமலே விற்பனைக்கு வருகிறார்கள். வண்ணம் தீட்டுவது வாங்கியவர் பொறுப்பு. பெட்டிமேல் அச்சிட்ட படத்தையோ, கைப்பேசியில் பெரிதாக்கிய புகைப்படத்தையோ முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு வீரனைக் கண்ணருகே பிடித்தபடி பலர் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். எந்தப் பாணியில் தீட்டுவது என்பதை அந்தப் புகைப்படம் முடிவுசெய்யக் கூடாது என்பதே என் வாதம். படையை எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில் பார்க்கப்போகிறோம் என்பதைக் கொண்டே அதை முடிவுசெய்ய வேண்டும்.

இன்று பரவலாகப் புழங்கும் உருவ அளவு 28 மில்லிமீட்டர். மனிதனை ஏறத்தாழ 60-ல் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு அது. ஆட்டக்காரர் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் படைப்பிரிவைப் பார்ப்பது, நிஜ வீரர்களை 60 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அத்தனை தூரத்தில் பித்தான் தெரியாது, கண்மணி தெரியாது. பழைய பிரிட்டிஷ் வீரனானால் செம்மேலங்கி, அதன் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டை, கறுப்புத் தொப்பி, தோளில் சாய்ந்த துப்பாக்கி, இவைதான் தெரியும். வெளிச்சமும் வேறு. வெயிலில் நிற்பவரின் உடையில் மடிப்புக்கு மடிப்பு நிழல் வெட்டியதுபோல விழும். அறை விளக்கின் பரவிய ஒளியில், அரை மில்லிமீட்டர் மடிப்பில் அந்த நிழலை எதிர்பார்க்க முடியாது. ஒரே சிவப்பைப் பூசி நிறுத்தினால் கையும் உடலும் ஒட்டி, வீரன் மொத்தையாகத் தெரிவான். விளக்கு தராத நிழலைத் தூரிகைதான் தரவேண்டும். 'இயல்பாகத் தீட்டியது' என்று நாம் மெச்சுவதும் அப்படிப் புனைந்த நிழல்தான்.

இந்தக் கலையில் நிலைத்துநின்ற பாணிகளைப் பாருங்கள். சிறு வீரர்களுக்கு வண்ணம் தீட்டும் கெவின் டாலிமோர் பிரபலப்படுத்திய முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் கருமை, நடுத்தரம், வெளிர் என மூன்று படிகள், ஒன்றோடொன்று குழைப்பதில்லை. கையில் வைத்துப் பார்த்தால் முரடாகத் தெரியும். மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போங்கள், முகத்தில் கன்ன எலும்பு எழுந்து நிற்கும். போர் விளையாட்டு உருவங்களைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் ஓவியர்கள் கவசத்தின் விளிம்புகளிலெல்லாம் மெல்லிய வெளிர்கோடு இழுப்பார்கள். எந்தச் சூரியனும் எல்லா விளிம்பிலும் ஒருசேர ஒளி வீசுவதில்லை. ஆனாலும் அந்தக் கோடுதான் உருவத்தைப் பிரித்துக் காட்டுகிறது. 1893 முதல் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்த்த பிரிட்டன்ஸ் நிறுவனம் பளபளக்கும் தட்டைச் சிவப்போடு நின்றுகொண்டது. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தப் பொம்மைகளைத் தரையில் பரப்பி ஆடுவதற்கு எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் விதிநூலே எழுதினார். தரையில் கிடக்கும் பொம்மையை நின்றபடி பார்ப்பவருக்கு அந்தப் பளிச்சென்ற சிவப்பு போதுமானதாக இருந்தது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கோபம் தெரியவேண்டும் என்றுதானே கூத்துக் கலைஞர் புருவத்தை அவ்வளவு தடிப்பாக எழுதுகிறார்!

வரலாற்றில் ஊறியவர்கள் இதை மறுப்பார்கள். பிரிட்டிஷ் சாதாரண வீரனின் மேலங்கி மஞ்சிட்டி இன வேர்ச் சாயம் ஏறிய மங்கல் சிவப்பு. அதிகாரியுடையதுதான் கொச்சினீல் பூச்சிச் சாயத்தின் ஒளிர்சிவப்பு. வெயிலும் மழையும் பட்டு வெளுத்த துணியைப் பளிச்சென்று காட்டுவது பொய்யல்லவா என்பார்கள். 1803-ல் அசாயே போர்க்களத்தில் பிரிட்டிஷ் தளபதி வெல்லெஸ்லியின் கீழ் நின்ற மெட்ராஸ் சிப்பாய்களும் செம்மேலங்கிக்காரர்களே. அவர்களைத் தீட்டுகிறவர் உடையில் அக்கறை காட்டுவது நம் மதிப்புக்குரியது. ஆனால் நிறம் வேறு, ஒளிப்படி வேறு. சாயத்தின் தன்மையை நடுப்படியில் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு படி வெளிர்த்தும் கீழே ஒரு படி இருட்டியும் விட்டால், சிப்பாயும் அதிகாரியும் அடுத்தடுத்து நிற்கும்போது வேறுபாடு கண்ணில் படும். அருங்காட்சியகத் துணியின் நிறத்தை அப்படியே கலந்து பூசினால் சிறு உருவத்தில் அது இருண்டு தெரியும். அந்த வேறுபாடும் மறைந்துபோகும். அந்த உண்மையால் யாருக்கு என்ன பயன்?

நுணுக்க வேலையை நான் குறைத்துச் சொல்வதாகவும் நினைக்கலாம். கோல்டன் டீமன் போன்ற வண்ணம் தீட்டும் போட்டிகளில் ஒற்றை உருவத்தை நடுவர்கள் கிட்டத்தில் வைத்துச் சோதிப்பார்கள். நிறத்தைக் குழைத்துக் குழைத்து உலோக மினுக்கத்தைச் சாதாரண வண்ணத்தாலேயே காட்டும் வித்தை அங்கே மகத்தானது. அதே வித்தையை 200 வீரர்களுக்குச் செய்யத் தொடங்குகிறவர் பத்தாவது வீரனில் களைத்துப்போகிறார். பிறகு வருவதெல்லாம் அவசரப் பூச்சு. ஒரே படையில் இரண்டு கை தெரியும். ஓவியர் ஜான் பிளான்ச் வழியில் பழுப்பும் துருச்சிவப்புமாக இருண்ட உலகைத் தீட்ட விரும்புவோரிடம் எனக்குச் சண்டை இல்லை. முகத்துக்கும் ஆயுதத்துக்கும் வெளிச்சம் மிச்சம்வைத்தால் அந்த இருளும் ஒரு மீட்டருக்கு அப்பால் பேசும். வைக்காவிட்டால் அது சேற்றுக் குவியல்தான்.

ஆகவே படை முழுவதற்கும் பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடிப்பதற்கு முன், மூன்று வீரர்களை மூன்று பாணியில் தீட்டுங்கள். ஆட்டம் நடக்கும் அறையில், அங்கே எரியும் விளக்கிலேயே, மேசையின் மறுமுனையில் அவர்களை நிறுத்துங்கள். பட்டையையும் மேலங்கியையும் எந்த வீரனிடம் உடனே பிரித்தறிய முடிகிறதோ, மற்ற 197 பேரையும் அவனைப் போலவே தீட்டுங்கள்.