மலையகத்து வழக்கேடுகள் எந்த மொழியில், கௌரவ அமைச்சரே?

கௌரவ ஹர்ஷண நாணயக்கார அவர்களுக்கு,
நீதி மற்றும் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர்.



ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் லயத்து ஆட்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும் என் தலையில் விழுந்த வேலை. பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும, சேமலாப நிதி எதுவானாலும் அலைந்து திரிந்தாவது காரியத்தை முடித்துவிடலாம். நாங்கள் முட்டி நிற்பது ஓரிடத்தில்தான். அது குற்ற வழக்கொன்றின் ஏட்டைத் தேடிப் பிடித்து, பிரதி எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று அறிவது.

போகவந்தலாவைப் பக்கத்து அம்மா ஒருவர் அண்மையில் வந்தார். மகனுக்கு மேல் நீதிமன்றத்தில் தண்டனை. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கொழுந்து எடுக்கப் போகும்போது கொண்டுபோகும் சொப்பிங் பைக்குள் கட்டாகக் காகிதம் வைத்திருந்தார். பீ அறிக்கையின் பிரதி, பிணைப் பத்திரம், தவணைத் திகதி குறித்த துண்டுகள், சட்டத்தரணிக்குக் கொடுத்த பணத்தை ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்த கணக்கு. நீதிமன்றத்தாலும் பொலிஸாலும் வந்த அத்தனை தாளும் சிங்களம். அவற்றில் தமிழில் இருந்தது பிணைப் பத்திரத்தின் அடியில் அவர் போட்ட கையெழுத்து மட்டும். "எம்புள்ள என்ன செஞ்சான்னு எழுதியிருக்காங்க சார், அத மட்டும் வாசிச்சிச் சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். அதை வைத்துக்கொண்டு ஒரு வழக்குத் தாளை வாசித்துப் பொருள் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நீங்கள் சட்டத்தரணி. இந்தப் பாதையை நான் விவரிப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனாலும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பொலிஸார் நீதவான் முன் பீ அறிக்கை தாக்கல் செய்யும்போது ஓர் இலக்கம் விழுகிறது. நீதவான் சுருக்கமுறையற்ற விசாரணையை நடத்தினால் அதற்கு வேறோர் இலக்கம். சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்து வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனால் மூன்றாவது இலக்கம். குடும்பத்தின் கையில் இருப்பது அநேகமாக முதலாவது மட்டும்தான். அதைக் கொண்டுபோய் நீட்டினால் "இது இங்கே இல்லை" என்ற பதில் வரும். பதில் சரிதான், ஆனால் எங்கே இருக்கிறது என்று சொல்லுவார் இல்லை.

பெயரை வைத்துத் தேடலாமா? ஒரு தாளில் கிருஷ்ணன், மறு தாளில் கிஸ்ணன். முதலெழுத்து ஓரிடத்தில் தகப்பனுடையது, இன்னோரிடத்தில் தாத்தாவுடையதும் சேர்ந்தது. முகவரி என்றால் தோட்டம், பிரிவு, லய இலக்கம். ஒரே பிரிவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. மஸ்கெலியாக்காரர் ஒருவர் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று பஸ் மாறி நுவரெலியாவுக்கு வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். அன்றைய பேரும், அதாவது நாட்கூலியும், போச்சு. சட்டத்தரணியைப் பிடித்து நகர்த்தல் பத்திரம் போட்டு, கட்டணம் கட்டி, பிரதி ஆயத்தமாகும்வரை திரும்பத் திரும்ப வரவேண்டும். மேன்முறையீட்டுக்குச் சட்டம் தரும் அவகாசமோ 14 நாள்.

இவ்வளவும் பட்டு எடுத்த பிரதியும் அவரால் வாசிக்க முடியாத மொழியில் இருக்கிறது.

அரசியலமைப்பு இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. 1988 இல் 16ஆவது திருத்தம் மாற்றி எழுதிய 24ஆம் உறுப்புரையின்படி நீதிமன்ற மொழி தெரியாத கட்சிக்காரருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரசு தரவேண்டும். சட்டப்படி அவர் பெறக்கூடிய வழக்கேட்டுப் பகுதியைத் தன் மொழியில் பெறும் உரிமையும் அதே உறுப்புரையில் உண்டு. வழக்கு நடக்கும்போது உரைபெயர்ப்பு முதலியார் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை தமிழில் சொல்லிவிடுவார் என்பது உண்மை. அவர் சொன்னது காற்றோடு போய்விடும். மேன்முறையீட்டுக்கு, மன்னிப்பு மனுவுக்கு, விடுதலையான பையன் வெளிநாடு போக பொலிஸ் ரிப்போர்ட் கேட்கும்போது எழுதப்பட்டதுதான் எடுபடும்.

நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். அம்பகமுவ, கொத்மலை, நுவரெலியா, வலப்பனை, ஹங்குராங்கெத்த ஆகிய அன்றைய ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும் 1999 நவம்பரில் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஆகவே நிலத்தைப் பற்றியோ உதவித்தொகையைப் பற்றியோ தமிழில் கடிதம் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆயுள் தண்டனை பற்றிய தாள் மட்டும் சிங்களத்தில் வருகிறது.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1940 ஜனவரி 10 அன்று ஹேவாஹெட்ட முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழுவில் அவர் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அந்த ஆணைக்குழு அறிக்கை அரசாங்கப் பத்திரமாக அச்சேறியதால்தான் துப்பாக்கியைத் தூக்கியது யார், என்ன நடந்தது என்று 80 வருடத்துக்குப் பிறகும் எங்களால் பேச முடிகிறது. அதுவும் வெள்ளைக்காரன் மொழியில்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்நிய ஆட்சிக்காலத்துச் சாவொன்றின் பதிவு நூலகத்தில் கிடைக்கிறது. சுதந்திர நாட்டில் போன வருடம் முடிந்த வழக்கை அந்த வீட்டு ஆட்களே வாசிக்க முடியாமல் இருப்பதற்கு நீங்கள்தான் காரணம் சொல்லவேண்டும்.

மொழி தெரியாத தாள் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசா வழக்கு போதும். சிங்களத்தில் எழுதப்பட்ட குற்ற ஒப்புதலில் பெருவிரல் அடையாளம் வைத்த, சிங்களம் தெரியாத தமிழர் அவர். வெளியார் உரைபெயர்ப்பாளர் ஒருவர்கூட இல்லாமல் அந்த ஒப்புதல் எடுக்கப்பட்டது நியாயமான விசாரணைக்கு முரணானது என்று 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு சொன்னது. அந்த அவமானம் நாட்டுக்கு ஒருமுறை வந்தது போதாதா?

பதிவாளர்களும் உரைபெயர்ப்பாளர்களும் நீதிச் சேவை ஆணைக்குழுவின் கீழ் வருபவர்கள், அமைச்சர் தலையிட முடியாது என்று உங்கள் அதிகாரிகள் குறிப்பு எழுதக்கூடும். நியமனம், இடமாற்றம் பற்றி அது சரி. ஆனால் எந்த நீதிமன்றத்தின் வழக்கேட்டையும் நீதிமன்ற மொழி அல்லாத இன்னொரு மொழியிலும் பேணும்படி, அமைச்சரவையின் இணக்கத்துடன் பணிக்கும் அதிகாரம் 24(1) இன் காப்புவாசகத்தில் நீதி அமைச்சருக்கே தரப்பட்டிருக்கிறது. புதுச் சட்டம் வேண்டாம், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையும் எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லா வழக்கையும் ஒரே நாளில் கேட்கவில்லை. மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு, தண்டனைக் கட்டளை, குற்றப்பத்திரம் இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

அதோடு பெரிய செலவில்லாத இன்னொரு காரியம். பிரதி கேட்கும் படிவத்தைத் தமிழிலும் வையுங்கள். வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பழைய இலக்கத்தையும் புது இலக்கத்தையும் ஒரே துண்டில் எழுதிக் குடும்பத்திடம் கொடுக்கச் செய்யுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அதிகாரி அதை எழுதிக்கொள்ளவேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பெருந்தன்மை நீதிமன்றக் கவுண்டரிலும் இருக்கக்கூடாதா? இந்தியாவில் கீழ்நீதிமன்ற வழக்கொன்றின் அடுத்த தவணையை அதன் இலக்கத்தைத் தட்டிக் கைபேசியிலேயே பார்க்கிறார்கள். இங்கே உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். எங்கள் சனம் அந்தப் படி ஏறுவது அபூர்வம்.

எல்லாருடைய வழக்கேட்டையும் எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயர், பிள்ளைகளின் பெயர் மறைவாகவே இருக்கட்டும். சம்பந்தப்பட்டவருக்கு, அவருக்குத் தெரிந்த மொழியில் என்பதுதான் கோரிக்கை.

உங்கள் அமைச்சின் பெயரில் தேசிய ஒருமைப்பாடும் இருக்கிறது. 24(1) இன் கீழ் நுவரெலியா மாவட்ட நீதிமன்றங்களுக்கான பணிப்புரையை அமைச்சரவைப் பத்திரமாக இந்த வருடத்துக்குள் சமர்ப்பியுங்கள். அதுவரை, 24(3) இன்படி அரசு செலவில் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்கலாம் என்ற அறிவித்தலையாவது ஹட்டன், நுவரெலியா, வலப்பனை நீதிமன்றங்களின் வாசலில் தமிழில் ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியன்