இரண்டு நாளில் எந்தக் காடு?

திண்டுக்கல் வாசிகளுக்கு விடுமுறை என்றால் ஒரே திசைதான் தெரியும். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் ஓய்வு கிடைத்துவிட்டால் மோட்டார் தானாகவே வத்தலக்குண்டை நோக்கித் திரும்புகிறது. அங்கிருந்து மலைப்பாதையில் ஏறுகிறது. ஏறின பிறகு வரிசையில் நிற்கிறது. வண்டிகளின் கூட்டம் பொறுக்க முடியாமற் போய், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7ஆம் தேதி முதல் கோடைக்கானலுக்கு இ-பாஸ் வாங்கிக்கொண்டே போகவேண்டும் என்று ஏற்பட்டதை நேயர்கள் அறிவார்கள். அப்படியும் ஏரிக்கரையில் குளிரைக் காட்டிலும் ஜனங்களே அதிகம்.

மலைக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தடவையாவது வண்டியை மேலே ஏற்றாமல், கீழேயே ஓட்டிப் பார்த்தால் என்ன? திண்டுக்கல்லைச் சுற்றி நாற்புறமும் கிடக்கிற பூமி வறண்ட பூமி. தென்மேற்குப் பருவக் காற்று கொண்டுவருகிற மழையை மேற்குத் தொடர்ச்சி மலையே வாங்கிக்கொண்டுவிடுகிறது. இப்பால் இறங்கும்போது காற்று வெறுங்கையோடு இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிற மழைதான் நமக்குப் பங்கு. ஆகையால் இங்கே வளர்கிறவை உடையும், உசிலும், கிளுவையும், சூரையும், கள்ளியுந்தான். இதைக் காடு என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள், ‘பொட்டல்’ என்பார்கள், சர்க்கார் தஸ்தாவேஜுகளில் ‘தரிசு’ என்று எழுதிவிடுவார்கள். பெயர் வைப்பதில் அவசரப்படுகிறவர்கள் பிறகு அந்த நிலத்தை என்ன செய்வது என்பதிலும் அவசரப்படுகிறார்கள். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருவோம்.

மற்ற தேசங்களில் வறண்ட நிலத்துக்கு இவ்வளவு இளப்பம் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பாலைவனத்திலுள்ள டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ ஆகிய இரண்டு பிரதேசங்களையும் 1994இல் ஒரே சட்டத்தினால் தேசியப் பூங்காக்கள் ஆக்கினார்கள். விடுமுறையில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று அங்கே குடும்பங்களில் வாக்குவாதம் நடக்கிறது. நம் தேசத்திலும் ராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேர், பார்மேர் ஜில்லாக்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவன தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. அழிந்துபோகும் தறுவாயிலுள்ள கானமயிலுக்கு அது ஒரு கடைசிப் புகலிடம். தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து உண்டு. பாலைவனத்துக்கென்று அவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் நம்முடைய பாலை வேறு வகையானது அல்லவா? முல்லையும் குறிஞ்சியும் வெயிலினால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். கோடையில் ஒரு நாள் வேடசந்தூர்ச் சாலையில் நடந்து பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு நாள், ஒரு மோட்டார், திண்டுக்கல்லிலிருந்து புறப்பாடு; எந்த வறண்ட காட்டுக்குப் போவது? நாலு திசைக்கும் நாலு இடம் இருக்கிறது. நாலையும் பார்த்துவிடலாம் என்று புறப்படுகிறவர்கள் சாலையைத்தான் பார்ப்பார்கள்.

வடக்கே இருப்பதை முதலில் தள்ளிவிடுவோம். தள்ளுவதற்குக் காரணம் அது மட்டம் என்பதல்ல. அது நம் வாசலிலேயே இருக்கிறது. திருச்சிச் சாலையில் அய்யலூருக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரங்கூட ஆகாது. அந்தப் பக்கத்துக் குன்றுகளையும் கரூர் ஜில்லாவிலுள்ள கடவூர் மலைகளையும் சேர்த்து 11,806 ஹெக்டேர் பரப்பை 2022 அக்டோபர் 12ஆம் தேதி தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுவே. மேலே பனிக்காகப் போகிற ஆயிரம் பேரில் ஒருவராவது இதை அறிந்திருப்பாரா என்பது சந்தேகம்.

தேவாங்கு எப்படியிருக்கும் என்று குழந்தைகள் கேட்பார்கள். ஒரு கைக்குள் அடங்கிவிடக்கூடிய பிராணி, வால் கிடையாது, குச்சி போன்ற கைகால்கள், முகத்தில் பாதி கண்ணே. பகலெல்லாம் மரத்தில் சுருண்டு தூங்கிவிட்டு, இரவில் எழுந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அதனால் விவசாயிக்கு அது உபகாரியே. ஆனால் மனிதர்கள் அதற்குச் செய்த பிரதியுபகாரம் நன்றாக இல்லை. மருந்துக்கு என்றும் மாந்திரீகத்துக்கு என்றும் அதைப் பிடித்துக் கொன்றார்கள். கிளையிலிருந்து கிளைக்குப் போகிற அந்தப் பிராணிக்குத் தோட்டங்களின் உயிர்வேலிதான் ராஜபாட்டை. வேலியை வெட்டிக் கம்பி போட்டுவிட்டால் அது தரையில் இறங்கவேண்டியதுதான், இறங்கினால் சாலை, சாலையில் நம்முடைய மோட்டார்.

இப்போது சொல்லுங்கள்: இரவில் விளக்கை அதன் கண்ணில் அடித்து, ‘அதோ, அதோ!’ என்று கூச்சலிடுவதற்காக நாம் குடும்பத்தோடு போகவேண்டுமா? வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அய்யலூர்ப் பக்கம் போய், குன்றுகளைப் பார்த்து, உசில் மரத்தடியில் உட்கார்ந்து, மேலே எங்கேயோ அது தூங்குகிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டு வந்தால் போதும். பார்க்காமலேயே திரும்பி வரவேண்டிய சரணாலயங்களும் உண்டு.

மேற்கே சின்னாறு இருக்கிறது. பழனி வழியாக உடுமலைப்பேட்டைக்குப் போய், அங்கிருந்து மூணாறு சாலையில் திரும்பவேண்டும். வழியில் அமராவதி அணை. அந்த நீர்ப்பரப்பில் முதலைகள் வாழ்கின்றன என்பதைக் கரையில் இறங்குமுன் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கேரள எல்லையைத் தாண்டியதும் சாலை சரணாலயத்துக்குள்ளேயே போகிறது. கேரளம் என்றாலே மழையும் பச்சையும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஓர் ஆச்சரியம். 1984இல் ஏற்பட்ட இந்தச் சரணாலயத்தின் பரப்பு 90 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மலைக்கு அப்பால் மூணாற்றில் கொட்டுகிற மழை இங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. கள்ளியும் முள்ளும் நம் ஊர் மாதிரியே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே ஆறு ஓடுகிறது, ஆற்றங்கரையில் மட்டும் பெரிய மரங்கள் நிற்கின்றன. அந்த மரங்களிலேதான் சாம்பல் நிற மலை அணில் வாசம் செய்கிறது. பூனையளவு உடம்பும் அதே நீளத்துக்கு வாலும் உள்ள அணில்! கள்ளக்கடத்தல்காரர்களிடமிருந்து பிடிபட்ட நட்சத்திர ஆமைகளையும் இங்கே கொண்டுவந்து பழக்கிக் காட்டில் விட்டிருக்கிறார்கள்.

சின்னாற்றில் மோட்டாரை விட்டு இறங்காமல் போகிறவர்கள் கண்டது ஒன்றுமில்லை. வனத்துறையார் மலைவாசிகளை வழிகாட்டிகளாக வைத்து, நடந்து செல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். காட்டில் பிறந்து வளர்ந்தவர் நம் முன்னால் நடந்து, உடைந்த கிளையைக் காட்டி யானை போன வழி இது என்று சொல்லும்போதுதான் அந்தக் காடு நம்மோடு பேச ஆரம்பிக்கிறது. அன்று இரவு மேலே மறையூரில் தங்கலாம். சந்தனக் காட்டையும், முனியறைகள் என்று சொல்லப்படும் பழங்காலக் கற்சமாதிகளையும் பார்த்துவிட்டு, மறையூர் வெல்லம் ஒரு கட்டி வாங்கிக்கொண்டு மறுநாள் இறங்கலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இந்த வழியே உசிதம் என்போம். தூரம் குறைவு, நிழல் அதிகம், காணக்கூடிய பிராணிகளும் அதிகம்.

வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்களும், பெரிய பிள்ளைகள் உள்ளவர்களும் தெற்கே போகலாம். இதில் கிழக்குத் திசையும் சேர்ந்துகொள்கிறது. விடியுமுன் நத்தம் வழியாகப் புறப்பட்டால் சூரியன் ஏறுமுன் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியில் இருக்கலாம். ஏழு பாறைக் குன்றுகள், அவற்றின் மடியில் சுனைகள், கீழே ஏரிகள். குன்றுகளில் லகர் வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும், சமணர் படுக்கையும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அங்கேயே இருக்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் முதலாவது இதுவே.

அறிவித்து இரண்டே வருஷத்தில் என்ன நடந்தது? 2024 நவம்பரில் இந்தப் பிரதேசத்தையும் உள்ளடக்கிய இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பூமியில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் ஒரு கம்பெனிக்குப் போயிற்று. டில்லியிலிருந்து வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குப் பாறையும் முள்ளுந்தானே தெரிந்திருக்கும்! கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. டிசம்பர் 9ஆம் தேதி சட்டசபை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் மதுரையை நோக்கிப் பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23ஆம் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் குன்றின்மேல் வட்டமிடுகிற வல்லூற்றை இன்று நாம் அண்ணாந்து பார்க்கிறோம் என்றால், பார்க்க அது இருக்கும்படி செய்தவர்கள் கீழே நெல் விளைவிக்கிற அந்த ஜனங்கள். வரப்பில் மோட்டாரை நிறுத்தாதீர்கள். கல்வெட்டுக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதாதீர்கள்.

வெயில் ஏறியதும் மதுரை வழியாகத் தெற்கே நெடுஞ்சாலையில் போகவேண்டியதுதான். அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் மட்டும் ஐந்து நிமிஷம் இறங்கி நில்லுங்கள். மாலை நேரத்தில் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டை அடையலாம்.

தேரி என்றால் செம்மணல் மேடு. இரும்புச் சத்து மணலில் படிந்து அப்படிச் சிவந்திருக்கிறது. மழை இல்லாமையால் ஏற்பட்ட பாலைவனம் அல்ல அது. காற்று கட்டின பாலைவனம். குதிரைமொழித் தேரியில் நின்றால் பனைமரங்களுக்கு நடுவே கண்ணுக்கு எட்டியமட்டும் குங்குமத்தைக் கொட்டினாற்போல் கிடக்கிறது. ஆதிகால மனிதன் செய்த சின்னஞ்சிறு கற்கருவிகளை இந்தத் தேரிகளில் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். அவ்வளவு மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிலில் நீர்ச்சுனை ஒன்று இருக்கிறது. இவ்விடத்துக்கு ஆனி, ஆடியில் போகவேண்டாம். காற்று மணலை முகத்தில் வாரி அடிக்கும். கார்த்திகை முதல் மாசி வரைதான் இந்த வறண்ட காடுகளுக்கெல்லாம் பருவம்.

திருநெல்வேலியில் இரவு தங்கிவிட்டு, மறுநாள் விடியலில் தூத்துக்குடிச் சாலையில் சுமார் பதினெட்டுக் கிலோமீட்டர் போனால் வல்லநாடு. தனியாக நிற்கிற ஒரு முட்காட்டு மலை, 1,641 ஹெக்டேர், 1987இல் வெளிமான் சரணாலயமாயிற்று. இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் இந்தியாவின் தெற்குக் கோடி இதுதான். ஆண் மானுக்கு முறுக்கின கொம்பும் கருத்த முதுகும். பெண் மான் வைக்கோல் நிறம். வனத்துறையாரிடம் அனுமதி பெற்று, பேச்சைக் குறைத்துக்கொண்டு, இளவெயிலில் அடிவாரத்தில் காத்திருந்தால் அவை மேய வருவதைக் காணலாம். பத்து மணிக்கு மேல் அவை முட்புதர்களின் நிழலுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு நின்றுகொண்டிருப்பதில் பயனில்லை. வண்டியை எடுத்தால் மாலைக் காப்பிக்குத் திண்டுக்கல் வந்துவிடலாம்.