சிறு காயங்களுடன் உயிர் தப்பினார்

முப்பது ஆண்டுகாலப் பத்திரிகைத் தொழிலில் நான் எழுதிச் சலித்த வாக்கியம் ஒன்றுண்டு: "விபத்தில் சிக்கியவர் சிறு காயங்களுடன் உயிர் தப்பினார்." எழுதி முடித்ததும் அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். அந்த மனிதர் பின்னர் என்ன ஆனார் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. அவ்வாக்கியத்துக்குள் நானே போய் விழுந்த பிறகுதான் அது எவ்வளவு அரைகுறையானது என்பது விளங்கியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுது, பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தேன். கற்பிட்டியை அறிந்தவர்கள் அங்கு அலையும் கழுதைகளையும் அறிவார்கள். அவற்றுள் ஒன்று குறுக்கே வந்தது. தலைக்கவசம் அணிந்திருந்தபடியால் இன்று இதை எழுத இருக்கிறேன். வைத்தியசாலையில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறிவில்லை, இரத்தக் கசிவில்லை, எல்லாம் நோர்மல் என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தலைசுற்று அதன் பிறகுதான் தொடங்கியது. இன்னும் அது என்னை முற்றாக விட்டுப் போகவில்லை. கிணற்றடியில் முகம் கழுவக் கண்ணை மூடினால் ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடலோரக் காற்றாலைகளின் சுழலும் இறக்கைகளை நிமிர்ந்து பார்க்க முடியாது. கணினித் திரையில் எழுத்துகள் நகர்ந்தால் வயிற்றைப் புரட்டும். "ஸ்கேனில் ஒன்றுமில்லையே, பிறகென்ன?" என்று கேட்காத உறவினர் இல்லை.

ஒன்றுமில்லை என்பதல்ல, ஸ்கேனில் தெரிவதில்லை என்பதே உண்மை. கிரிக்கெட் ரசிகர்கள் 'கன்கஷன்' என்று அறிந்து வைத்திருக்கும் மூளை அதிர்வு, பெரும்பாலும் மூளையின் அமைப்பைச் சிதைப்பதில்லை, செயற்பாட்டைக் குலைக்கிறது. நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உட்காது, தசைகளும் மூட்டுகளும் என மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. ஒரே சம்பவத்தை மூன்று நிருபர்கள் மூன்று விதமாக எழுதி அனுப்பினால் செய்தி ஆசிரியர் என்ன பாடுபடுவாரோ, அந்தப் பாட்டை அடிபட்ட மூளை படுகிறது. பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஒரு சிலருக்கு மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

நான் மேசையில் இருந்து உழைப்பவன், சமாளித்துக்கொண்டேன். உடப்பில் நான் சந்தித்த கடற்றொழிலாளியின் கதை வேறு. கரைசேரும் வேளையில் அலையில் படகு சரிந்து, அதன் விளிம்பில் தலை மோதியவர் அவர். "கரையிலதான் நிக்கிறேன் அண்ணே, ஆனா காலுக்குக் கீழ கடல்தான்" என்றார். மாதக்கணக்காகக் கடலுக்குப் போகவில்லை. மணலில் தள்ளாடி நடப்பவரைப் பார்த்து, "காலையிலேயே வெறியோ?" என்று கேட்கிறார்கள். அவர் குடிப்பதில்லை. தலைசுற்றைவிட அந்தக் கேள்விதான் அவரை வீட்டுக்குள் முடக்கி வைத்திருக்கிறது.

முடங்கிக் கிடப்பதுதான் இந்த நோய்க்கு ஆகாதது. முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும், பின்னர் அளவாக நடமாடத் தொடங்க வேண்டும் என்பதையே 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர் மாநாடும் வலியுறுத்தியது. தலைசுற்று மாத்திரைகள் தொடக்கத்தில் உதவும். மாதக்கணக்கில் தொடர்ந்தால், சமநிலையை மீளப் பழகும் மூளையின் முயற்சியை அவற்றுள் சில மந்தப்படுத்தும். (வைத்தியரைக் கேளாமல் எவரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.) சிலருக்கு அடிபட்டதில் உட்காதின் நுண்ணிய படிகங்கள் இடம் பெயர்ந்திருக்கும். படுக்கையில் புரளும்போதெல்லாம் உலகம் சுழலும். தலையை முறைப்படி திருப்பிச் செய்யும் எப்லி முறையால் அது பல வேளை சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது.

ஏனையோருக்குப் பயிற்சிதான் மருந்து. இரண்டாம் உலகப் போரில் தலையில் காயமுற்ற சிப்பாய்களைக் கண்ட கோத்தோர்ன், குக்ஸி என்ற இரு ஆங்கில மருத்துவர்கள் 1940களிலேயே இதற்கான பயிற்சிகளை வகுத்துவிட்டார்கள். கண்ணை அசைப்பது, தலையைத் திருப்புவது, பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு எறிவது, கண்ணை மூடி நடப்பது: இவ்வளவுதான். இயந்திரம் வேண்டாம், கற்றுத்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடி நான் புத்தளத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் பஸ்ஸில் குலுங்கிக் கொழும்புக்குப் போனேன். தலைசுற்றுக்காரனுக்கு அந்தப் பயணமே ஒரு தண்டனை. உடப்பு மனிதரிடம் அதற்கான பஸ் காசும் இல்லை.

2019 பெப்ரவரியில் கன்பராவில் பந்து தாக்கிச் சாய்ந்த திமுத் கருணாரத்னவை நாடே பதறிப் பார்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மூளை அதிர்வுக்குள்ளான வீரருக்குப் பதிலாக மற்றொருவர் ஆடலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்ட ஆஸ்திரேலிய வீரர் வில் புகோவ்ஸ்கி, 2025இல் 27 வயதிலேயே ஓய்வு பெற்றார். அவரது தலைசுற்றை உலகம் நம்பியது. படகிலும் மோட்டார் சைக்கிளிலும் பிழைக்கும் நம்மவருக்கும் அந்த நம்பிக்கை கிடைக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிதல்ல. தலையில் அடிபட்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரின் கையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். தலையிடி கூடினாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலோ, தூக்கம் அழுத்தினாலோ உடனே திரும்பி வரவும். தலைசுற்று நீடித்தால் இன்னாரிடம் போகவும் என்று அதில் இருக்கட்டும். அந்த 'இன்னார்' புத்தளத்திலும் சிலாபத்திலும் இருக்கட்டும்.

எனக்கு நானே ஒரு கட்டளையும் இட்டிருக்கிறேன். இனி "சிறு காயங்களுடன் உயிர் தப்பினார்" என்று எழுத நேர்ந்தால், மூன்று மாதம் கழித்து அந்த மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பது. செய்தியின் மிகுதி அங்கேதான் இருக்கிறது.