எந்த ஆஸ்பத்திரியில் படிக்கப் போகிறாள்?



பிளஸ் டூ முடிவுகள் வந்த நாளிலிருந்து நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களிலும் தொலைபேசி அழைப்புகளிலும் நர்சிங் பற்றிய கேள்விகளே அதிகம். கேட்பவர்களில் பெரும்பாலோர் அம்மாக்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். "பட்டப்படிப்பா, டிப்ளமோவா?" "கிண்டி யுனிவர்சிட்டியோடு இணைந்த கல்லூரி என்கிறார்கள், நம்பிச் சேர்க்கலாமா?" "நாலைந்து இடம் பார்த்துவிட்டோம், எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது, எதை எடுப்பது?" இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட, இந்த மாதப் பக்கத்தை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

அவர்கள் கிண்டி யுனிவர்சிட்டி என்று சொல்வது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தை. 1988 முதல் இயங்கிவருகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் கல்லூரிகளைத் தாங்களே பார்த்துக்கொள்ள, தமிழகத்தின் மற்ற நர்சிங் கல்லூரிகள் இதன் கீழ்தான் வருகின்றன. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருவதால் கல்லூரிகளும் ஒரே மாதிரி தெரிவதில் வியப்பில்லை. சான்றிதழில் எல்லாருக்கும் அதே பட்டம்தான். ஆனால் அந்தச் சான்றிதழோடு வெளியே வரும் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லுமுன், படிப்புகளைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

பி.எஸ்சி நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. 2021இல் வந்த புதிய பாடத்திட்டப்படி எட்டு செமஸ்டர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, பொதுவாக 45 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஜி.என்.எம். என்பது மூன்று ஆண்டு டிப்ளமோ. இது பல்கலைக்கழகப் பட்டமல்ல. அறிவியல் பிரிவு எடுக்காத பிள்ளையும் இதில் சேர வழி உண்டு. ஏ.என்.எம். இரண்டு ஆண்டு; ஊரில் நாம் பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் பாதை அங்கேதான் தொடங்குகிறது. ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்கள் பின்னாளில் இரண்டு ஆண்டு 'போஸ்ட் பேசிக்' பி.எஸ்சி படித்துப் பட்டம் வாங்கலாம். கணக்குப் போட்டால் அது ஐந்து ஆண்டு. அறிவியல் பிரிவில் படித்த, தகுதி மதிப்பெண்ணும் எடுத்த பிள்ளைக்கு நான்கு ஆண்டுப் பட்டத்தையே நான் சொல்வேன். எம்.எஸ்சி படிக்க, கல்லூரியில் பாடம் நடத்த, வெளிநாட்டுப் பதிவுக்கு முயல, பின்னால் எதை நினைத்தாலும் அந்தப் பட்டம் வழியைச் சுருக்கும். வீட்டில் பணம் இல்லை, சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டும் என்றால் ஜி.என்.எம். படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. அரசு மருத்துவமனைகளுக்கு நர்ஸ் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை இரண்டு பேரும் எழுதுகிறார்கள். வார்டுக்குள் போய்விட்டால் நோயாளி யாரிடமும் பட்டமா டிப்ளமோவா என்று கேட்பதுமில்லை.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான கவுன்சலிங் கையேட்டில் பி.எஸ்சி நர்சிங்கோடு பி.பார்ம், பிசியோதெரபி எல்லாம் சேர்ந்தே வரும். டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், கிரிட்டிகல் கேர், பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று வேறு பி.எஸ்சிகளும் வரிசையாக இருக்கும். அவற்றுக்கும் நல்ல வேலை உண்டு. ஆனால் அவை நர்சிங் அல்ல. அவற்றைப் படித்தவர் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. இந்த அளவுகூட இல்லாமல், "ஆறு மாதத்தில் நர்சிங்", "ஒரு வருட ஹோம் நர்சிங், வேலை உறுதி" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் விளம்பரம் ஒட்டும் இடங்களும் இருக்கின்றன. நர்ஸ் என்ற பெயரோடு வேலை பார்க்க, 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு வேண்டும். ஆர்.என்., ஆர்.எம். என்ற அந்தப் பதிவு எண் கிடைக்காத படிப்பில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று ஆண்டு கழித்து அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்களின் கடிதங்கள் வருகின்றன. அவர்களுக்கு ஆறுதலைத் தவிர எழுத என்னிடம் ஒன்றும் இருப்பதில்லை.

சேர்க்கை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழக அரசின் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சலிங்கில் பி.எஸ்சி நர்சிங்குக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் அல்ல. புதுச்சேரி ஜிப்மரில் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், பக்கத்து வீட்டு அக்கா போன வருடம் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல் இந்த ஆண்டுக் கையேட்டை முழுக்கப் படியுங்கள்.

இனி, ஒரே பட்டம் வாங்கிய இரண்டு நர்சுகள் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டில் மருத்துவமனை வந்தது. 1909இல் அங்கே நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்ததோ 1918இல். டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டு முன்பே நர்சுகளை உருவாக்கத் தொடங்கிய இடம் அது. 1946இல் இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதன்முதலாக வந்தபோது டெல்லியோடு வேலூரும் அதைத் தொடங்கியது. சென்னையிலும் மருத்துவமனைதான் முதலில் வந்தது, நர்சிங் பயிற்சி பிறகு. நாம் இன்றும் ஜி.எச். என்று அழைக்கும் அரசு பொது மருத்துவமனையில்தான் 1871இல் பயிற்சி ஆரம்பமானது. இரண்டு இடத்திலும் நோயாளிகள் வந்தார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அதற்காகப் பள்ளி வந்தது. இப்போது பல இடங்களில் முதலில் கட்டடம் எழுகிறது, பிறகு மாணவிகள் வருகிறார்கள், அதற்கும் பிறகுதான் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்ற யோசனை வருகிறது.

ஆகவே கல்லூரி பார்க்கப் போகும்போது ஏ.சி. போட்ட வரவேற்பறையில் அதிக நேரம் உட்கார வேண்டாம். "போஸ்டிங் எங்கே?" என்று கேளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் பட்டப்படிப்புக் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனையை விதியாகச் சொல்கிறது. அந்த மருத்துவமனையின் பெயரைக் கேட்டு, அங்கே நீங்களே ஒருமுறை போய் வாருங்கள். படுக்கைகள் இருந்தால் போதாது, அதில் நோயாளிகள் இருக்க வேண்டும். புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் இருக்கிறதா, வார்டில் எத்தனை படுக்கை காலி, ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை மாணவிகள் நோட்டோடு நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஏழெட்டுப் பேர் நின்றால், அதில் ஒருத்திதான் ஊசி போடுவாள். மற்றவர்கள் பார்த்துவிட்டு லாக் புக்கில் எழுதிக்கொள்வார்கள்.

பிரசவ வார்டைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். இந்தப் படிப்பு முடிக்கும் பெண் நர்ஸ் மட்டுமல்ல, தாதியும்கூட. பதிவு எண்ணில் உள்ள 'ஆர்.எம்.' அதைத்தான் சொல்கிறது. மாணவி பிரசவத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும், தானே கைவைத்துச் செய்யவும் வேண்டும். சொந்த மருத்துவமனையில் பிரசவம் குறைவாக இருந்தால் எந்த அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், எத்தனை வாரம், கூடவே ஆசிரியை போகிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல கல்லூரிகளில் நேரான பதில் கிடைக்காது. ஆசிரியை இல்லாமல் அனுப்பப்படும் மாணவிகளை வார்டில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கோ மூன்று பேர் வேலை. கடைசியில் பிள்ளைகள் பி.பி. பார்ப்பதிலும் பெட்ஷீட் மாற்றுவதிலும் மாதத்தைக் கழித்துவிட்டு வருகிறார்கள்.

மனநலப் போஸ்டிங்குக்குப் பல ஊர்க் கல்லூரிகளிலிருந்து மாணவிகள் சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு வருவார்கள். 1794இல் தொடங்கிய பழைய நிலையம் அது. முதல் நாள் பயந்துகொண்டே போன பெண்கள், கிளம்பும் நாளில் அங்குள்ளவர்களைப் பிரிய மனமில்லாமல் திரும்புவதுண்டு. இந்தப் பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கட்டணத்தில் சேர்த்தியா, தனியா என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீருடை, பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் என்று பின்னால் வந்து சேரும் தொகைகள்தான் குடும்பங்களை முறிக்கின்றன; முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவில் நின்றால் முழுப் பணமும் கட்ட வேண்டும் என்றோ, படித்து முடித்ததும் எங்கள் மருத்துவமனையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்றோ காகிதம் நீட்டினால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2022 முதல் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. பையன்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது, பல கல்லூரிகள் ஆண்களையும் சேர்க்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அவசரப் பிரிவிலும் அவர்களை இப்போது நிறையவே பார்க்கலாம். மகன் ஆசைப்பட்டால் சிரித்துத் தட்டிக்கழிக்காதீர்கள்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளின் பயம் தனிக் கடிதங்களாக வருகிறது. உண்மைதான், பாடம் முழுக்க ஆங்கிலம். முதல் ஆண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும் மலைபோல் நிற்கும். சேர்வதற்கு முன் கிடைக்கும் இந்த இரண்டு மாதத்தில் உயிரியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை வாங்கித் தினம் நாலு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்த பாடம்தான் என்பதால் சொற்கள் தாமாகப் பிடிபடும். இன்னொன்றும் அவர்களிடம் சொல்லுங்கள். வயிற்றைப் பிசைகிறது, மாரடைக்கிறது, கிறுகிறுவென்று வருகிறது என்று ஒரு பாட்டி சொன்னால், அதன் வேறுபாட்டைச் சட்டென்று புரிந்துகொண்டு கேஸ் ஷீட்டில் சரியாக எழுதுபவள் அந்தத் தமிழ் வழிப் பெண்தான். அந்தத் திறமையை எந்தக் கல்லூரியும் கற்றுக்கொடுக்க முடியாது.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 2015இல் அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த நர்சுகளை எடுத்தபோது மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகே அது படிப்படியாக உயர்ந்தது. தனியாரில் தொடக்கச் சம்பளம் இன்றும் பல ஊர்களில் வேதனை தருவதாகத்தான் இருக்கிறது. கோவிட் காலத்தில் கைதட்டிய நாம், அந்தக் கைகளுக்கு உரிய கூலி கொடுக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கல்விக் கடன் வாங்குமுன், முதல் இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

அந்த இரண்டு ஆண்டுகள் முக்கியமானவை. வளைகுடா நாடுகள் பொதுவாக அனுபவம் கேட்கின்றன. அதற்கு மேல் உரிமத் தேர்வும் உண்டு. பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. "படித்து முடித்ததும் நேரே வெளிநாடு" என்று சொல்லும் கல்லூரியிடம் இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கும்போது, ஏஜெண்டிடம் நகையை விற்றுப் பணம் கட்ட அவசியமே இல்லை.

கல்லூரியை முடிவு செய்யுமுன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று. அங்கே மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு படிக்கும் மாணவிகள் இரண்டு பேரிடம், நிர்வாகத்தினர் பக்கத்தில் இல்லாதபோது, பிள்ளையைத் தனியாகப் பேசவிடுங்கள். கடைசி செமஸ்டர் முழுக்க வார்டிலேயே பயிற்சி. அதை நெருங்கும் பெண்ணிடம், "அக்கா, நீங்கள் தனியாக ஊசி போட்டிருக்கிறீர்களா? பிரசவம் பார்த்திருக்கிறீர்களா?" என்று உங்கள் மகள் கேட்கட்டும். பிறகு எந்தக் கல்லூரி என்று அவளே சொல்லட்டும்.

கையேட்டில் புரியாத இடம் இருந்தால் பக்க எண்ணைக் குறித்து எழுதுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன் பதில் வந்துசேரும்படி பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்