வாய்க்காலுக்கு மேற்கேயும் ஊர் உண்டு



புதுச்சேரியை வழிகாட்டியுடன் மின்சைக்கிளில் சுற்றிப் பார்ப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை முழுமனதோடு வரவேற்கிறேன். நானும் அப்படிச் சுற்றியபோது, மூட்டுவலிக்காரியான எனக்கே சிரமம் தெரியவில்லை. மிதி கனக்கும் இடத்தில் மோட்டார் கைகொடுக்கிறது. ஆனால் ஒரு பெரிய குறை. எங்களை அழைத்துச் சென்றவர் கடற்கரைச் சாலை, பழைய கலங்கரை விளக்கம், ஆயி மண்டபம், மஞ்சள் சுவர்கள் என ஊரைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கேயே சுற்றலை முடித்துவிட்டார். மேற்கே தமிழர் பகுதி இருப்பதாகக்கூடச் சொல்லவில்லை.

வழிப்போக்கருக்கு நிழல் தரத் தெருவோரம் தாழ்வாரம் இறக்கி, அதையொட்டித் திண்ணை கட்டிய வீடுகள் அங்கேதானே இருக்கின்றன? 2008இல் யுனெஸ்கோ விருது பெற்ற வைசியாள் வீதி, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, பாரதியார் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு எல்லாம் அந்தப் பக்கம்தான். வெளியூர்ப் பிள்ளைகள் இவற்றைப் பார்க்காமலே திரும்புவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கடைகள் திறந்தபின் அத்தெருக்களில் நெரிசல் அதிகம். எனவே காலையில் முதலில் மேற்கே சென்று, வெயில் ஏறுமுன் கடற்கரைக்கு வருமாறு பாதையை மாற்றலாம். சுற்றுலாத் துறையும் வழிகாட்டிகளுக்குத் தமிழர் பகுதி வரலாற்றில் பயிற்சி அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விழுப்புரம்