ஒரே முறிவுக்கு ஐந்து விலை

மூளையின் கட்டளையை உடலுக்கும் உடலின் உணர்வை மூளைக்கும் கொண்டுசெல்லும் நரம்புக் கற்றையே தண்டுவடம். சுண்டுவிரல் பருமனும் ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமும் கொண்ட அது, முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால் உண்டாகும் எலும்புக் குழாய்க்குள் காக்கப்பட்டிருக்கிறது. எலும்பு முறிந்தால் கூடிவிடும். ஆனால் முறிந்த எலும்பு உள்ளே குத்தி நசுக்கிய நரம்பிழைகள் முன்போல வளர்ந்து இணைவதில்லை என்பதால், இந்தக் காயம் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உடன்வருவதாகிறது. இந்தியச் சட்டமோ இந்த ஒரே காயத்துக்கு, அது எங்கே, எப்படி நேர்ந்தது என்பதைப் பார்த்து ஐந்து வெவ்வேறு விலைகளை வைத்திருக்கிறது. அடிபட்டவரின் தேவை மாறாதபோது அவருக்குக் கிடைக்கும் தொகை மட்டும் விபத்தின் இடத்தையும் வாகனத்தின் எண்ணையும் பொறுத்து மாறுவது நியாயமாகாது. இந்த ஏற்பாடு திருத்தப்பட வேண்டும்.

அந்தத் தேவை எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். மார்புப் பகுதியிலோ அதற்குக் கீழோ அடிபட்டால் இரு கால்களும், கழுத்தில் அடிபட்டால் கைகளும் சேர்ந்தே செயலிழக்கின்றன. கழுத்தின் மேற்பகுதியில் பட்டால் மூச்சை இயக்கும் உதரவிதானமே நின்றுபோகக் கூடும். வெளியே தெரியும் இந்த இழப்பைக் காட்டிலும் தெரியாத இழப்பே அன்றாடத்தைத் தின்கிறது. சிறுநீரும் மலமும் தாமாகக் கழியாததால் நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அது தவறினால் தொற்று சிறுநீரகம் வரை ஏறும். தோலில் உணர்வு இல்லாததால் ஒரே பக்கமாகப் படுத்திருப்பவருக்கு வலி தெரியாமலேயே சதை அழுகிப் படுக்கைப் புண் உண்டாகிறது என்பதால், இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எவரேனும் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அந்த எவரேனும் பெரும்பாலும் தாயோ மனைவியோதான். அவர் தம் வேலையை விட்டுவிட, வீட்டில் ஒரு வருமானம் நின்ற இடத்தில் இரண்டு வருமானம் நின்றுவிடுகிறது.

காரணங்களுள் சாலை முதலிடத்தில் வைத்துப் பேசப்படுவது இயல்பே. நாட்டிலேயே அதிக எண்ணிக்கையாக 64,105 சாலை விபத்துகள் 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவாயின. அவற்றில் 17,884 பேர் உயிரிழந்தனர். ஆனால் தண்டுவடத்தைப் பொறுத்தவரை உயரத்திலிருந்து விழுதலும் சாலைக்கு நிகரான காரணம்தான்: கட்டடச் சாரத்தில் நிற்கும் கொத்தனார், தென்னையும் பனையும் ஏறுபவர், மின்கம்பத்தில் வேலை செய்பவர், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் தவறி விழுபவர் என்று இந்தப் பட்டியல் உழைப்பவர்களாலேயே நிறைந்திருக்கிறது. வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத வேகத்தடையில் பேருந்து ஏறி இறங்கும்போது கடைசி வரிசை இருக்கையில் இருப்பவர் தூக்கி எறியப்பட்டு, அமர்ந்த நிலையிலேயே இடுப்பு முள்ளெலும்பு நொறுங்குவதை எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். காயத்துக்குப் பின் நேரும் காயமும் உண்டு: கழுத்தையும் முதுகையும் அசையாமல் பலகையில் கிடத்தி எடுத்துச் செல்ல வேண்டியவரை, உதவும் எண்ணத்தோடே நான்கு பேர் கைகால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றும்போது, பாதி தப்பியிருந்த தண்டுவடம் முழுவதுமாகச் சிதைந்துவிடுகிறது.

இனி விலைகளைப் பார்க்கலாம். மோதிய வாகனம் தெரிந்திருந்து, அதற்குக் காப்பீடும் இருந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். இருக்கும் வழிகளுள் ஓரளவு முறையானது இதுவே. 2009ஆம் ஆண்டில் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கி எண்களை வகுத்தது. ஆண்டு வருமான இழப்பை எத்தனை ஆண்டுகளால் பெருக்குவது என்பதைக் குறிக்கும் அந்த எண், 26 முதல் 30 வயதுவரை உள்ளவருக்கு 17 ஆகும். மருத்துவர் சான்றளிக்கும் உடல் ஊன விழுக்காடும் சம்பாதிக்கும் ஆற்றலின் இழப்பும் ஒன்றல்ல என்று 2010ஆம் ஆண்டில் ராஜ்குமார் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சுமை தூக்குபவரின் கால்கள் செயலிழந்தால் சான்றிதழில் எந்த எண் இருந்தாலும் அவருடைய தொழிலின் இழப்பு நூறு விழுக்காடுதான். 2020ஆம் ஆண்டில் ஒரு சிறுமியின் வழக்கில், உதவியாளர் செலவையும் இதே பெருக்கி முறையில் கணக்கிட்டு 21,60,000 ரூபாய் தனியாக வழங்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் விழுக்காட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கி முடித்துவிடும் பழக்கம் கீழ்நிலையில் மறையவில்லை. கால்கள் செயலிழந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு உயர் நீதிமன்றம் 13 லட்சத்துச் சொச்சமாகக் குறைத்த தொகையை, 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 49.93 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. டெல்லிவரை வழக்கை நடத்த இயலாத குடும்பங்களின் குழந்தைகள் குறைந்த தொகையோடு நின்றுவிட்டார்கள் என்பதையே இந்த வேறுபாடு காட்டுகிறது.

தீர்ப்பாயத்தின் வாசலிலேயே ஒரு தடையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 166(3)ஆம் பிரிவு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது. தண்டுவடம் சிதைந்தவரின் முதல் ஆறு மாதம் அறுவைச் சிகிச்சையிலும் படுக்கைப் புண்ணிலும் கழிகிறது. செயலிழப்பு எந்த அளவில் நிலைக்கும் என்பதே அதற்குள் தெளிவாவதில்லை. 1994ஆம் ஆண்டில் இத்தகைய காலக்கெடுவை நாடாளுமன்றமே நீக்கியிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து அதை மீண்டும் கொண்டுவந்தது தவறு. காலக்கெடுவைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு ஆறுதல் தருகிறது என்றாலும், அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கப்பட வேண்டும்.

மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டால் விலை தலைகீழாகச் சரிகிறது. அடையாளம் தெரியாத வாகனத்தால் கொடுங்காயம் அடைந்தவருக்கு அரசு நிர்ணயித்த இழப்பீடு 50,000 ரூபாய். விரல் முறிந்தாலும் கழுத்துக்குக் கீழ் அனைத்தும் செயலிழந்தாலும் அதே தொகைதான். இரவல் வாங்கிய இருசக்கர வாகனத்தில் சென்று பள்ளத்தில் தானே விழுந்தவருக்கு, மூன்றாம் நபருக்கான காப்பீட்டிலிருந்து பொதுவாக எதுவும் கிடைப்பதில்லை. அந்தப் பள்ளத்தை விட்டுவைத்தவர் மீது மோட்டார் வாகனச் சட்டத்தின் 198அ பிரிவு ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. ஆனால் அந்த அபராதம் விழுந்தவரின் கைக்கு வராமல் மோட்டார் வாகன விபத்து நிதிக்குச் செல்கிறது.

வேலையிடத்தில் விழுந்தவருக்கு, முதலாளியின் தவறை நிறுவாமலேயே இழப்பீடு கோரும் உரிமையை 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது; இன்று அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்கும் அந்த முறையில், 2020ஆம் ஆண்டில் 15,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட ஊதிய உச்சவரம்பைக் கொண்டு கணக்கிட்டால் 30 வயதுத் தொழிலாளிக்கு 18,71,820 ரூபாய் வருகிறது. உதவியாளருக்கென்று இதில் தனி இடம் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத தினக்கூலிக்கு, தாம் அங்கே வேலை செய்ததை நிறுவுவதே பெரும் வழக்காகிவிடுகிறது. மருத்துவக் கவனக்குறைவால் நேர்ந்த செயலிழப்புக்கு நுகர்வோர் சட்டம் வழி திறக்கிறது. ஹைதராபாத்தில் 1990ஆம் ஆண்டில் நடந்த அறுவைச் சிகிச்சையில் கால்கள் செயலிழந்த பொறியியல் மாணவருக்கு 2009ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய் வழங்கியது. தொகை பெரிது, காத்திருப்பு 19 ஆண்டுகள்.

சொந்தத் தோப்பில் தென்னையிலிருந்து விழுந்தவருக்கு முதலாளி இல்லை, மோதிய வண்டி இல்லை, ஆகவே வழக்கும் இல்லை. தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டில் முன்கூட்டியே சேர்ந்திருந்தால் ஒரு தொகை வரும். சேராதவருக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையே மிச்சம்.

பிறர் தவறைச் சார்ந்த இழப்பீட்டையும் உயிர்வாழத் தேவையான பராமரிப்பையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பதே இந்தக் குழப்பத்தின் வேர். நியூசிலாந்து 1974ஆம் ஆண்டிலேயே விபத்துக் காயம் அனைத்துக்கும், எவர் தவறு என்று கேளாமல், சிகிச்சையும் வருமான ஈடும் வழங்கும் முறைக்கு மாறியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்தவர்களுக்கு ஒருமுறைத் தொகைக்குப் பதிலாக ஆயுள் முழுவதுமான பராமரிப்பையே பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறது. அத்தகைய பொறுப்பு இந்தியாவுக்கு எட்டாதது என்று சொல்வதற்கில்லை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை எவர் தவறு என்று கேளாமல் அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு 2021 டிசம்பர் முதல் நடத்திவருகிறது. 48 மணி நேரத்துக்கு ஏற்ற அறம் 49ஆவது மணி நேரத்துக்குப் பொருந்தாமல் போக எந்தக் காரணமும் இல்லை.

பராமரிப்பு கிடைத்தால் வாழ்க்கை எவ்வளவு மீளும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. 1954ஆம் ஆண்டு விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அவர் முன்னின்று நடத்திய மறுவாழ்வு மையம் 1966 முதல் வேலூரில் இயங்குகிறது. கழுத்தில் அடிபட்டு நான்கு கைகால்களும் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981ஆம் ஆண்டில் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இத்தகைய மையங்கள் மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும். கதீட்டரும் புண் வராத மெத்தையும் சக்கர நாற்காலியும் உதவியாளர் ஊதியமும், முறிவு எங்கே நேர்ந்தது என்று கேளாமல், பொது நிதியிலிருந்து மாதந்தோறும் கிடைக்க வேண்டும். அதற்கான செலவை, தவறிழைத்த வாகன உரிமையாளரிடமோ முதலாளியிடமோ மருத்துவமனையிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ பின்னர் வசூலிக்கும் வேலையைப் படுக்கையில் கிடப்பவரின் தலையில் சுமத்தாமல், அரசே தன் வழக்கறிஞர்களைக் கொண்டு செய்ய வேண்டும்.